கம்ப்ரசர்க்காரர் வெட்டிய மீன் குட்டை

ஆழ்துளைக் கிணறு போடும் திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளில் இருபத்திரண்டு வருடம் கம்ப்ரசர் ஓட்டியவர் ஜெகதீஸ்வரன். போர் போடும்போது குழிக்குள் காற்றை அடித்தால்தான் மண்ணும் தண்ணீரும் மேலே வரும். அந்தக் காற்றை அடிப்பது அவர் வேலை. ராஜஸ்தான் முதல் ஒடிசா வரை தண்ணீர் வரவழைத்தார். அந்த இரைச்சலில் காது முக்கால்வாசி போய்விட்டது. சாடை காட்டினால்தான் தெரிகிறது என்று வண்டி முதலாளி அவரை ஊருக்கு அனுப்பிவிட்டார்.

ஊரில் சும்மா இருக்க விடுவார்களா? மனைவி சௌந்திரத்தின் அண்ணன் இளவழகன், சங்ககிரி லாரிப் பேட்டையில் கேட் காவலுக்குச் சொல்லி வைத்தார். நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் போதுமாம். அந்த நாற்காலியை நினைத்தாலே ஜெகதீஸ்வரனுக்கு எரிச்சல் வந்தது. காது போனால் கையுமா போய்விட்டது? வீட்டுக்குப் பின்னால் மீன் வளர்க்கப் போகிறேன் என்றார். தை பிறக்கும் வரை பார்க்கலாம், மீன் பிழைக்காவிட்டால் மறுபேச்சில்லாமல் கேட் காவலுக்குப் போய்விட வேண்டும் என்று சௌந்திரம் கெடு வைத்தார்.

ஆடியில் கடப்பாரையை எடுத்தார். பத்தடிக்குப் பன்னிரண்டடி, இடுப்பளவு ஆழம். கல்லையும் வேரையும் பொறுக்கிவிட்டு, மணல் பரப்பி, மேலே தடித்த பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டார். விரிப்பு நகரக் கூடாதென்று குழாயை அடியிலேயே வைத்து, அறுநூறடிப் போர்த் தண்ணீரைச் சத்தமில்லாமல் நிரப்பினார். இதைவிடச் சுத்தமான தண்ணீர் எங்கே கிடைக்கும் என்று அவருக்கு ஒரே பெருமை. அன்றைக்கே நூறு கட்லா, ரோகு குஞ்சுகளை விட்டார். மறுநாள் காலையில் நூறும் வாய் பிளந்து மிதந்தன.

குஞ்சு விற்ற வாழப்பாடிக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். ஆழத்துத் தண்ணீரில் காற்றே இருக்காது. உயரத்திலிருந்து கொட்டி, வெயிலில் ஆறப்போட்டுத்தான் மீன் விடவேண்டும் என்று அவர் உரக்கச் சொன்னார். ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி. காற்றை அடித்தே சோறு தின்ற மனுசனுக்கு மீனும் மூச்சுவிடும் என்று தோன்றவில்லை. செத்த குஞ்சுகளை முருங்கை மரத்தடியில் புதைக்கும்போது ஜெகதீஸ்வரனுக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனாலும் விடவில்லை.

குழாயை முருங்கைக் கிளையில் கட்டி, தண்ணீரை மேலிருந்து விழவிட்டார். கொஞ்சம் சாணியைக் கரைத்து ஊற்றி, தண்ணீர் இளம்பச்சையாகும் வரை பத்து நாள் காத்திருந்தார். புதுக் குஞ்சுகளைப் பையோடு அரைமணி நேரம் மிதக்கவிட்டுப் பிறகே திறந்துவிட்டார். காற்றடிக்க ஒரு சின்ன மோட்டாரும் வைத்தார். அது இரவும் பகலும் உறுமியது. அவருக்கு அது கேட்காது, பாடெல்லாம் சௌந்திரத்துக்குத்தான். கம்ப்ரசரைக் கட்டிக்கொண்டவளுக்கு இதுவும் வேண்டும் என்று புலம்பினார்.

மார்கழியில் மீன்கள் உள்ளங்கை அளவு வந்துவிட்டன. மூன்று நாளாக வெயிலே இல்லாத ஒரு விடியற்காலை, சௌந்திரம் வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனது. உறுமல் நின்றது. மாவுக் கிண்ணத்தைப் போட்டுவிட்டு ஓடி, தூங்கிக்கொண்டிருந்தவரை உலுக்கினார்.

"ஏனுங்க, எந்திரிங்க. மோட்டாரு நின்னு போச்சு."

வாய் அசைந்ததிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. குட்டைக்குப் போனால், மீனெல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. குட்டைத் தண்ணீரையே குடத்தில் மொண்டு தலைக்கு மேல் தூக்கி ஊற்றினார். சௌந்திரமும் ஒரு குடத்தை எடுத்தார். தோள்பட்டை கழன்றுவிடும்போல் வலித்தும் இருவரும் நிறுத்தவில்லை. நன்றாக விடிந்த பிறகு மீன்கள் கொஞ்சம் கொஞ்சமாக அடியில் இறங்கின. கரண்ட் மட்டும் வரவேயில்லை.

இளவழகன் வந்தது அப்போதுதான். "மாப்ளை, தை பொறக்கப் போவுதுங்க. நாளைக்கு வாரீங்கன்னு பேட்டையில சொல்லீரட்டுங்களா?"

முதுகு காட்டி ஊற்றிக்கொண்டிருந்த ஜெகதீஸ்வரனுக்கு அது கேட்கவில்லை. சௌந்திரம்தான் திரும்பினார்.

"அவருக்கு இங்கயே வேலை கெடக்குதுங்ணா. நீங்களும் ஒரு கொடத்தை எடுங்க."

அதுவும் ஜெகதீஸ்வரனுக்குக் கேட்கவில்லை. அடுத்த குடம் மொள்ளத் திரும்பியபோது, மச்சான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குடத்தோடு குட்டைக்குள் குனிந்திருந்தார்.