வீரம்மாவின் இரண்டு முகவரிகள்

கோயம்புத்தூரிலிருந்து வாழ்க்கைப்பட்டு குன்னூருக்கு வந்த ராஜப்ரியா, பக்கத்துத் தேயிலை எஸ்டேட் ஆபீசில் ஒன்பது வருஷமாகக் கிளார்க். தொழிலாளர் விவரங்களை நோட்டுகளில் தேடிச் சலித்துப்போய், வீடியோ பார்த்து ஜாவாஸ்கிரிப்ட் என்ற கம்ப்யூட்டர் மொழியைக் கற்றுக்கொண்டு எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றியவள். டிவிஷனுக்குள் லைன் என்னும் தொழிலாளர் குடியிருப்பு வரிசை, லைனுக்குள் வீடு, வீட்டுக்குள் ஆள், ஆளுக்குள் போன் நம்பர் என்று ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கியிருந்தாள்.

மூன்று நாளாக விடாத மழை. காலை பத்து மணிக்கு ஆபீஸ் போன் அடித்தது.

"அம்மா, மண்ணு சரிஞ்சு கதவ அடைச்சிருச்சு. பின்பக்கமும்..." ஒரு பெண் குரல். அதோடு துண்டித்துப்போனது. திரும்ப அழைத்தால் போகவில்லை.

யார், எந்த வீடு? கையில் இருந்தது திரையில் விழுந்த நம்பர் மட்டும். வீட்டைச் சொன்னால் நம்பரைக் காட்டும்படிதான் அவள் எழுதியிருந்தாள். நம்பரைச் சொன்னால் வீட்டைக் காட்ட வழியில்லை.

"சீக்கிரம் சொல்லு புள்ள." ஃபீல்டு ஆபீசர் பொன்ராஜ் மழைக்கோட்டுடன் வாசலில் நின்றார்.

"ரெண்டு நிமிசங்கண்ணா."

ஒவ்வொரு அடுக்காக உள்ளே இறங்கி நம்பரைத் தேடும் சிறு நிரல் ஒன்றை அவசரமாக அடித்து ஓட்டினாள். நம்பர் இருக்கும் இடத்தின் பெயராக 'போன்' என்று மட்டும் வந்தது. எல்லோருடைய நம்பருக்கும் அதே பெயர்தான். கடந்துபோகும் ஒவ்வொரு பெயரையும் கூடவே சேர்த்துக்கொண்டு போகும்படி மாற்றினாள்.

கீழ் டிவிஷன், ஆற்று லைன், வீடு 7, வீரம்மா.

பொன்ராஜ் நாலு பேரோடு ஜீப்பில் கிளம்பினார். அப்புறம்தான் அவளுக்கு உறைத்தது. முதலில் கிடைத்ததோடு நின்றுவிடும்படியல்லவா எழுதியிருக்கிறோம்? வீரம்மா போன வருஷம் வீடு மாறினாளே! நிற்காமல் கடைசிவரை தேடும்படி மாற்றி ஓட்டினாள். இரண்டு வந்தன. இன்னொன்று மேல் டிவிஷன், சோலை லைன், வீடு 12. அதுதான் புது வீடு. அதைப் பதிந்தபோது பழையதை அழிக்க ராஜப்ரியா மறந்திருந்தாள்.

பொன்ராஜின் செல்லுக்கு அழைத்தாள். "அண்ணா, அங்க இல்லீங்க! சோலை லைன், பன்னண்டாம் நம்பர். வண்டியத் திருப்புங்க!"

"பாதி தூரம் வந்துட்டோமே. நெசந்தானா?"

"நெசந்தானுங்க. தப்பு என்னுதுங்க."

அடுத்த முக்கால் மணி நேரம் அவள் உட்காரவே இல்லை. போன் அடித்தபோது எடுக்கவே பயந்தாள். பொன்ராஜ்தான்.

"கூரைத் தகரத்தப் பிரிச்சு வெளிய எடுத்தாச்சு. வீரம்மாவுக்குக் கால்ல அடி. கூட இருந்த மக நல்லாருக்கா."

அழுது முடித்ததும், இரண்டு இடத்தில் பதிந்த நம்பர் வேறு உண்டா என்று தேடினாள். பதினொன்று வந்தது. பதினொரு பேரிடமும் ஆள் அனுப்பி இப்போது எந்த வீடு என்று கேட்டு, சரிசெய்து முடிக்கும்வரை அவள் ஆபீசை விட்டுக் கிளம்பவில்லை.