கால் மடங்கிப் பிறந்த காளைக்கன்று

போன வருடம் மழைக்காலத்தில், திருமலைராயன்பட்டினத்தில் உள்ள எங்கள் வீட்டுக் கொல்லையில் நடந்தது இது. என் கணவர் குவைத்தில் வேலை பார்க்கிறார். வீட்டில் நானும் மாமியாரும் ஒரு பசுவும்தான். அன்று காலை பசு முதல் கன்று போட்டது.

பசு நக்கி நக்கிப் பார்த்தும் கன்று எழவில்லை. அதன் முன்னங்கால்கள் இரண்டும் குளம்புக்கு மேலே பின்பக்கமாக மடங்கியிருந்தன. எழ முயன்றபோதெல்லாம் முகம் குப்புற விழுந்தது. சினைப் பசுவைக் கிரகணத்தன்று வெளியே விட்டதால்தான் இப்படி ஆனது என்றார் பக்கத்து வீட்டு அக்கா.

கணவருக்கு போன் செய்தேன். கால் மடங்கிய காளைக்கன்று என்றதும் அவர் யோசிக்கவே இல்லை. "அது நிக்காது புள்ள. ஒத்த ஆளா கெடந்து கஷ்டப்படாத. யாராவது கேட்டா கொடுத்துடு," என்றார்.

"நான் பாத்துக்கிறேன் மச்சான்," என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

சீம்பாலைக் கறந்து புட்டியில் ஊட்டினேன். பிறகு கால்நடை மருத்துவரை வரவழைத்தேன். அந்த அம்மா கன்றின் காலை மெதுவாக இழுத்துப் பார்த்தார். கிரகணமெல்லாம் காரணமில்லை, வயிற்றுக்குள் மடங்கியே கிடந்ததில் தசைநார் சுருங்கியிருக்கலாம் என்றார்.

"இழுத்தா நீளுது, அதனால நம்பிக்கை இருக்கு. காலை நேரா வச்சுக் கட்டணும். ஆனா அந்தக் கட்டைத் தினமும் அவிழ்த்துப் பாக்கணும். புண்ணு வச்சிடுச்சுன்னா காலே போயிடும். செய்வீங்களா?"

செய்கிறேன் என்றேன். மோட்டார் போட்டபோது மிஞ்சிய பிளாஸ்டிக் பைப்பை நீளவாக்கில் பிளந்து, ஓரத்தைத் தேய்த்து, பஞ்சை வைத்து அவர் காட்டியபடி கட்டினேன். அதுவரை வாயே திறக்காத மாமியார் தன் பழைய பருத்திப் புடவையைக் கிழித்துக் கொண்டுவந்து கொடுத்தார்.

தினமும் கட்டை அவிழ்ப்பேன், காலை நீவி விடுவேன், மறுபடி கட்டுவேன். வயிற்றுக்கடியில் துண்டைக் கொடுத்து நானும் மாமியாரும் ஆளுக்கொரு பக்கம் தூக்கி, மடியில் பால் குடிக்க வைப்போம். உதை வாங்காத நாளில்லை. ஒருமுறை தோல் சிவந்துபோனதும் பயந்துவிட்டேன். டாக்டரைக் கேட்டு மருந்து தடவி, பஞ்சைக் கூட்டி வைத்துக் கட்டினேன். விலைக்குக் கேட்டு வந்த தரகருக்கு மாமியார் டீ மட்டும் கொடுத்து அனுப்பினார்.

கணவர் கன்றைப் பற்றிக் கேட்காமலே இருந்தார். ஒருநாள் வீடியோ காலில், "போனை அந்தப் பக்கம் திருப்பு. கட்டு இறுக்கமா இருக்குற மாதிரி தெரியுதே," என்றார். அதற்குப் பிறகு தினமும் முதலில் கன்றைப் பார்த்துவிட்டுத்தான் என்னிடம் பேசினார்.

டாக்டர் கட்டை எடுக்கச் சொன்ன நாளில், குவைத்தில் என் கணவரும் அவர் அறையில் தங்கியிருப்பவர்களும் போனைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். கன்று எழுந்தது, விழுந்தது. நான் தூக்கப் போனேன், மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டார். மறுபடி எழுந்தது. நான்கு காலும் நடுங்க, தானாகவே நடந்து போய் மடியில் முட்டியது. அந்தப் பக்கம் யாரோ, "அல்ஹம்துலில்லாஹ்," என்றார். என் கணவர் போனைக் கீழே மல்லாக்க வைத்துவிட்டார். போனில் அறையின் கூரை மட்டும்தான் தெரிந்தது.

இன்றைக்கும் அதன் வலது கால் கொஞ்சம் கோணல்தான். ஆனால் அவிழ்த்துவிட்டால் தெருக்கோடி வரை ஓடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

கணவர் அதைக் கொடுத்துவிடச் சொன்னது என் மேல் இருந்த அக்கறையில்தான் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த மழைக்காலத்திற்குப் பிறகு, வீட்டில் ஒரு முடிவெடுக்க வேண்டியிருந்தால் அவரிடம் சொல்கிறேன், கேட்பதில்லை.