யார் ஆட்டம் என்று பார்க்காத மிஷின்

பட்டுப்புடவை டிசைனை தறியில் மாட்டும் ஜக்கார்டு துளை அட்டையாக மாற்றும் புரோகிராம் எழுதுவதுதான் காஞ்சிபுரத்தில் என் பிழைப்பு. சும்மா இருக்க முடியாமல் ஒரு செஸ் புரோகிராமும் எழுதித் தொலைத்தேன். ஆடிப் பார்க்க வீட்டிலேயே ஆள் இருந்தது, என் தங்கை. காலையில் தறி, மதியம் செஸ். கெட்டிக்காரிதான், ஆனால் பயந்தாங்கொள்ளி. மாவட்டப் போட்டிக்குப் பேர் கொடு என்று மாதக்கணக்கில் கெஞ்சியும் மசியவில்லை. தோற்றால் தெருவே சிரிக்குமாம்.

நாளை கடைசித் தேதி என்ற ஞாயிற்றுக்கிழமை, "உன் மிஷினுகிட்ட தோக்காம ஒரு ஆட்டம் ஆடிட்டா பேர் குடுக்கறேன், போதுமாக்கா?" என்றாள். அதுவரை அதனிடம் ஒரு தடவைகூட அவள் தப்பியதில்லை. தான் எழுதிய புரோகிராம் தோற்கட்டும் என்று சாமியை வேண்டிக்கொண்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ராணி, யானை எல்லாம் வெட்டுப்பட்டு ராஜாக்களும் சில சிப்பாய்களும் மிஞ்சின. மிஷினுக்கு ஒரு சிப்பாய் அதிகம். அது தன் ராஜாவை மூன்று நகர்த்தலில் சின்னதாக ஒரு சுற்று சுற்றிப் பழைய இடத்துக்கே கொண்டுவந்தால் போதும். அதற்குள் தங்கையின் ராஜா இரண்டு நகர்த்தலில் போய்த் திரும்பியிருக்கும். பலகை அப்படியே இருக்கும், ஆனால் தங்கையின் முறையாகிவிடும். எங்கே நகர்த்தினாலும் அவள் காலி. மிஷின் அதைச் செய்யவே இல்லை. ராஜாவை முன்னும் பின்னுமாக நகர்த்திக்கொண்டிருந்தது. அதே நிலை மூன்றாம் தடவை வந்ததும் திரையில் 'டிரா' என்று விழுந்தது. நாங்கள் போட்ட கத்தலில் பக்கத்து வீட்டுத் தறி நின்றுவிட்டது.

பேர் கொடுக்கக் கிளம்ப அவள் புடவை மாற்றப் போன நேரத்தில் புரோகிராமைத் திறந்து பார்த்தேன். அட கடவுளே! அடுத்தடுத்த நகர்த்தல்களை யோசிக்கும்போது, ஏற்கெனவே வந்த நிலை மறுபடி வந்தால் அந்த வழி டிரா என்று மிஷின் முடிவு கட்டும். அந்தச் சோதனையைப் புடவை புரோகிராமிலிருந்து அப்படியே எடுத்து ஒட்டியிருந்தேன். புடவையில் கட்டத்துக்குக் கட்டம் பொருந்தினால் அதே புட்டாதான், அதாவது அதே பூ டிசைன். செஸ்ஸில் அது போதாது, ஆட வேண்டியவரும் அதே ஆளாக இருக்க வேண்டும். ஜெயிக்கிற வழியையே டிரா என்று நினைத்து ஒதுக்கியிருக்கிறது என் அறிவுக்கொழுந்து.

சொன்னால் பேர் கொடுக்க மாட்டாள். சொல்லாமல் கூட்டிப்போக மனசு கேட்கவில்லை. போகிற வழியில், பஸ் ஸ்டாண்டு எதிரே வண்டியை நிறுத்திச் சொல்லிவிட்டேன்.

"தெரியும்க்கா," என்றாள். "போன வாரம் தோத்துக்கினு இருக்கும்போதே பாத்தேன். ஒருதரம் வந்த நிலை திரும்ப வந்தா ஒதுங்கிக்குது. யார் ஆட்டம்னு பாக்கறதே இல்ல. அதான் வேணும்னே எல்லாத்தையும் வெட்டிக்கினு அதை அங்க இட்டுக்கினு போனேன்."

"அடிப்பாவி!" என்றேன். பெருமையில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பேர் கொடுத்துவிட்டு வெளியே வந்ததும் அவளே சொன்னாள்: "அதை சரி பண்ணிடுக்கா. போட்டிக்கு முன்னாடி நெஜமா ஆடிப் பாக்கணும்."

இரண்டே வரிதான், மாற்றிக் கொடுத்தேன். அந்த வாரம் அதனிடம் வரிசையாக ஏழு ஆட்டம் தோற்றாள். பேரைத் திரும்ப வாங்குகிற பேச்சையே எடுக்கவில்லை.