மங்காஃபின் ஜெர்மன் மருத்துவச்சி

குவைத்தின் மங்காஃபில் நாங்கள் குடியிருந்த கட்டடத்தின் லிஃப்ட் நினைத்தால் ஓடும், இல்லையென்றால் நிற்கும். அது ஓடிய ஒரு நாளில்தான் அவரை முதலில் பார்த்தேன். எண்பது தாண்டிய வெள்ளைக்காரப் பெண்மணி. நல்ல உயரம். காலில் ஆண்கள் போடும் செருப்பு. கையில் ஒரு முழு மீனைப் பையில் போடாமல் வாலைப் பிடித்துத் தூக்கி வைத்திருந்தார். என் வயிற்றை ஒருமுறை பார்த்துவிட்டு, "எத்தனை மாசம் பிள்ளை?" என்றார்.

அந்த மீன் தமிழ் பேசியிருந்தாலும் நான் அவ்வளவு திடுக்கிட்டிருக்க மாட்டேன்.

"அஞ்சு மாசம்ங்க."

"இல்லை. ஆறு நடக்குது. டொக்டரை வடிவாப் பாக்கச் சொல்லும்."

அடுத்த வாரம் ஸ்கேன் எடுத்த டாக்டர் என் நாள் கணக்கை மூன்று வாரம் முன்னால் தள்ளி எழுதினார். அன்றிலிருந்து அந்தப் பெண்மணிமேல் எனக்குப் பயம் வந்துவிட்டது.

அவருடைய தமிழ் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தது. வீட்டு வேலைக்கென்று இருபது வருடத்துக்கு முன் வந்த ஓர் அக்கா அவரோடு தங்கியிருந்தார். யார் யாருடைய மொழியைப் படிப்பது என்று இருவருக்கும் முதல் ஆறு மாதம் இழுபறி. அக்கா ஒரு ஜெர்மன் சொல்லைக்கூட வாயில் வைக்கவில்லை. கடைசியில் ஜெர்மன் அம்மாதான் இறங்கி வந்தார்; அதற்குப் பிறகு அக்காவைத் தினமும் தமிழிலேயே ஏசினார். நாங்கள் கோயம்புத்தூர்க்காரர்கள். "நம்மளைவிட சுத்தமாத் தமிழ் பேசுது இந்தம்மா" என்று என் கணவர் வெட்கப்பட்டார்.

ஜெர்மன் அம்மா குவைத்துக்கு வந்தது இருபத்துநாலு வயதில், பிரசவம் பார்க்கும் நர்ஸாக, ஒரே ஒரு வருடத்துக்கு. அப்போது மங்காஃபில் மீனவர் வீடுகளும் மணலும்தான் இருந்தனவாம். பிறகு ஏன் திரும்பிப் போகவில்லை என்று ஒருநாள் கேட்டேன். வெயில் காலத்தில் போகலாம் என்றால் லீவு கிடைக்காது, குளிர் காலத்தில் லீவு கிடைக்கும், ஆனால் ஊர் அவ்வளவு இதமாக இருக்கும்போது போக மனம் வராது, இப்படியே ஐம்பது வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது என்றார். கல்யாணத்தைப் பற்றிக் கேட்டதற்கும் ஏறக்குறைய இதே பதில்தான் சொன்னார்.

அந்தக் காலத்தில் ஜீப்பை எடுத்துக்கொண்டு பாலைவனக் கூடாரங்களுக்குப் போய்ப் பிரசவம் பார்த்திருக்கிறார். ஒருமுறை வலி கண்ட ஒரு பெண்ணை ஆஸ்பத்திரிக்கு அழைத்து வரும் வழியில் ஜீப் மணலில் புதைந்துவிட்டது. குழந்தை பின் சீட்டிலேயே பிறந்தது. அந்தக் குழந்தைதான் வளர்ந்து, பெரிய அதிகாரியாகி, பிற்பாடு இவருக்கே விசா கொடுக்கும் கஃபீல் ஆனது.

வெள்ளிக்கிழமைதோறும் கஃபீல் அவரைப் பார்க்க வருவார். கஃபீலின் காரைக் கண்டால் வாட்ச்மேன் எழுந்து நிற்பான். மேலே போனதும் ஜெர்மன் அம்மா, "நேராக நில், வயிற்றை உள்ளே இழு" என்று அரபியில் அதட்டுவார். அந்த மனிதர் அப்படியே செய்வார். எங்கள் முன்னாலேயே அவருடைய பிறந்த எடையையும், பிறந்தவுடன் அழாமல் அடி வாங்கிய கதையையும் சொல்லுவார். அதிகாரி தலையைக் குனிந்து பேரீச்சம்பழம் தின்பார்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் ஜெர்மன் அம்மாவை நாட்டில் தங்கவைக்க, கஃபீல் தன் வீட்டு விசாவில் சேர்த்திருந்தார். அடையாள அட்டையில் தொழில் 'சமையல்காரி' என்று இருந்தது. அவர் வேகவைத்த உருளைக்கிழங்கைத் தின்றவர்கள் அந்த அட்டையைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்திருக்கிறார்கள்.

எனக்கு வலி எடுத்தபோது அவரும் எங்களோடு காரில் ஏறிவிட்டார். பிரசவ அறை வாசலில் மலையாள நர்ஸ் அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு, சமையல்காரிகளை உள்ளே விடுவதில்லை என்றாள். அவர் சண்டை போடவில்லை. வெளியே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, என் சத்தத்தை மட்டும் வைத்துக்கொண்டு கதவு வழியாகக் கட்டளையிட்டார்: "இப்ப முக்காதையும். பொறும். ம்ம், இப்ப முக்கும்." உள்ளே இருந்த டாக்டருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் நான் கதவுக்கு வெளியே இருந்த குரலைத்தான் கேட்டேன். மகள் சுகமாகப் பிறந்தாள்.

மகள் நடக்கத் தொடங்கிய சமயம், ஒரு மதியம், அக்கா வந்து கதவைத் தட்டினார். "அம்மா எழும்புறா இல்லை" என்றார். போய்ப் பார்த்தோம். மடியில் செய்தித்தாள், மூக்கில் கண்ணாடி, வாய் சற்றே திறந்து, யாரையோ திருத்தப் போகிறவர் போலச் சாய்ந்திருந்தார். அக்கா அவர் செருப்பைக் கழற்றினார். நான் கண்ணாடியை எடுத்தேன். வேறு என்ன செய்வதென்று எங்களுக்குத் தெரியவில்லை.

கஃபீல் வந்து தரையில் உட்கார்ந்து அழுதார். பிறகு பேப்பர்களுக்காக என் கணவரையும் கூட்டிக்கொண்டு அலுவலகத்துக்குப் போனார். அங்கிருந்த இளைஞன் அட்டையையும் அவர் கண்ணீரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ரொம்ப ருசியாகச் சமைத்திருப்பார் போலிருக்கிறது என்று ஆறுதல் சொன்னானாம். அழுதுகொண்டிருந்தவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியாமல் வெளியே போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

ஜெர்மனியில் ஒரு தம்பி மகன் இருந்தார். அத்தை இங்கேயே புதைக்கச் சொல்லி எழுதியிருப்பதாகப் போனில் சொன்னார். கிறிஸ்தவர் இடுகாட்டில் பத்துப் பேர் வருவார்கள் என்று பாதிரியார் எதிர்பார்த்தார். வெளியே ரோடு அடைத்துப் போகும் அளவுக்குக் கார்கள் வந்தன. வெள்ளை அங்கி போட்ட, நரைத்த தாடிக்காரர்கள் ஒவ்வொருவராக இறங்கி, "என்னைப் பிறப்பித்தவர்" என்று பாதிரியாரிடம் அறிமுகம் செய்துகொண்டார்கள். தன் பிரசவம்தான் ரொம்பக் கஷ்டமானது என்று இரண்டு பேருக்குள் வாக்குவாதம்கூட வந்தது. எல்லாரும் தோள் கொடுக்க முண்டியதில் பெட்டி முன்னால் நான்கடி போனால் பின்னால் இரண்டடி வந்தது.

கஃபீலின் தாயை வீல்சேரில் கொண்டுவந்திருந்தார்கள். யாரோ ஜீப் புதைந்த கதையை எடுத்தார்கள். கிழவி கையை உயர்த்தி நிறுத்தினார். "மணல்மேல் பழி போடாதீர்கள். அவளுக்கு அப்போது வண்டியே ஓட்டத் தெரியாது" என்றார். மகன் அதை எங்களுக்கு ஆங்கிலத்தில் சொன்னபோது அவர் முகம் கோணிக்கொண்டு வந்தது. அழுகையா சிரிப்பா என்று எனக்குப் புரியவில்லை. தான் செத்தால் யாரும் அழக்கூடாது என்று ஜெர்மன் அம்மா பலமுறை சொல்லியிருந்தார். அக்கா குழியருகே போகும்வரை அதைக் காப்பாற்றினார். அதற்குப் பிறகு அவரைப் பிடித்து நிறுத்த மூன்று பேர் வேண்டியிருந்தது.

கஃபீல் அக்காவைத் தன் வீட்டுக்கு வேலைக்குக் கூப்பிட்டார். "இருபது வருசம் காணும், இனிப் போதும்" என்று அக்கா ஊருக்குப் போய்விட்டார். போன பத்தாம் நாள் எனக்குப் போன் செய்தார். தங்கை பிள்ளைகள் அன்பாக இருக்கிறார்கள், உட்காரவைத்துச் சாப்பாடு போடுகிறார்கள் என்று சொன்னார். 

"இஞ்சை ஒருத்தரும் என்னை ஏசுறேல்லை, தங்கச்சி. நித்திரை வருகுதில்லை."