நாலாவது ஏன்

அந்தப் பெட்டிக்குச் சந்தனம் வைத்தது நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என்மேல் எனக்கிருக்கும் கோபம் போக மீதியைத்தான் மற்றவர்களுக்குத் தருகிறேன். மீதியே நிறைய இருக்கிறது.

ஓசூரில் கார் உதிரிபாகம் செய்யும் ஆலையொன்றில் பராமரிப்புப் பிரிவின் ஸ்டோர்ஸ் என் பொறுப்பு. டிப்ளமா முடித்த கையோடு வந்தவள். பேரிங், பெல்ட், ஆயில் சீல் என்று எடுத்துக் கொடுத்தே தலை நரைத்துவிட்டது. வருடா வருடம் ஆயுத பூஜை நடத்துவதும் நான்தான். என் மகளும் இதே ஆலையில் ஒப்பந்தத்தில் நெட்வொர்க் வேலை பார்க்கிறாள்.

பெட்டி என்றேனே, அது பயர்வால். வெளி இணையத்துக்கும் ஆலைக்கும் நடுவே உட்கார்ந்து, யாரை உள்ளே விடலாம் என்று பார்க்கிற பெட்டி. அதில் ஒரு ஓட்டை இருப்பதாக, அதைச் செய்த கம்பெனியே அறிவிப்பு அனுப்பியிருந்தது. யாரும் உள்ளே நுழையக்கூட வேண்டாம், கடவுச்சொல்லும் வேண்டாம். எங்கிருந்தோ ஒருவன் கோணல்மாணலாக ஒரு தகவலை அனுப்பினால் போதும், பெட்டி அணைந்து மறுபடி கிளம்பும். அவன் அனுப்பிக்கொண்டே இருந்தால் அது விழுந்துகொண்டே இருக்கும். சரிசெய்யும் அப்டேட்டும் கூடவே வந்திருந்தது. அதைப் போட இரண்டு மணி நேரம் லைனை நிறுத்த வேண்டும். மகள் மானேஜரிடம் மூன்று முறை எழுதிக் கேட்டாள். மூன்று முறையும் ஒரே பதில்: இந்த மாத டார்கெட் முடியட்டும்.

எங்கள் லைன் ஞாயிற்றுக்கிழமையும் ஓடும். தானாக நிற்பது ஆயுத பூஜை மதியம் மட்டும்தான். மறுநாள் காலை ஆறு மணிக்கு மறுபடி ஓடத் தொடங்கிவிடும். அந்த மதியத்துக்காக அவள் காத்திருந்தாள். நான் பிரஸ் மெஷினிலிருந்து போர்க்லிப்ட் வரை பொட்டு வைத்து, சர்வர் அறையில் அந்தப் பெட்டிக்கும் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டு வெளியே வரும்போது லேப்டாப்போடு எதிரே வந்தாள்.

"ம்மா, நகரு. அப்டேட் போட்டுட்டு வந்துடறேன்."

"பூஜை முடிஞ்சிடுச்சு. இன்னிக்கு எதையும் தொடக் கூடாது."

"அது இப்பவும் ஓடிட்டுத்தாம்மா இருக்குது. அதுக்கு என்ன ரெஸ்ட்டு?"

"வாய் பேசாத. ஒரு நாள் பொறுத்தா பொட்டி எங்கயும் ஓடிடாது. இந்தா, பொரி எடுத்துக்க."

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மானேஜரும் சிரித்தபடி, "அம்மா பேச்சக் கேளுமா" என்றார். அவள் ஒரு கையில் லேப்டாப்பும் இன்னொரு கையில் பொரிப் பொட்டலமுமாகப் போனாள்.

சில வாரம் கழித்து ஒரு வேலைநாள் காலை, பத்து மணி வாக்கில் லைன் நின்றது. ஏழெட்டு நிமிடத்தில் ஓடியது. மறுபடி நின்றது. லேபிள் அடிக்கும் மெஷின் அந்த பயர்வால் வழியாக வாடிக்கையாளரின் சர்வரோடு பேசினால்தான் அடிக்கும். லேபிள் இல்லாமல் ஒரு சரக்குப் பெட்டிகூட லாரியில் ஏறாது. லாரிகள் கேட்டைத் தாண்டிச் சாலை வரை நின்றன.

"அக்கா, அந்தப் பொட்டிக்கு இந்த வருஷம் எலுமிச்சங்கா வெக்கலியா?" என்றான் போர்க்லிப்ட் ஓட்டுகிறவன். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

சர்வர் அறைக்குப் போனேன். தரையில் உட்கார்ந்து மகள் லேப்டாப்பில் அடித்துக்கொண்டிருந்தாள். பின்னால் ஐந்து ஆண்கள் நின்று ஆளுக்கொரு யோசனை கத்தினார்கள். "சார், வெளிலேந்து வர்ற கேபிளப் பிடுங்கிட்டு அப்டேட் போட்டா தீந்துடும்" என்று அவள் திரும்பத் திரும்பச் சொன்னாள். "இருக்கிற கொஞ்ச நேரமும் ஓட்டணும்மா, பிடுங்கக் கூடாது" என்றார் மானேஜர். மூன்று மணிக்கு அவள் யாரையும் கேட்காமல் பிடுங்கினாள். ஐந்து மணிக்கு எல்லாம் சரியானது. அந்தப் பெட்டியின் நெற்றியில் நான் வைத்த சந்தனம் காய்ந்து வெடித்து அப்படியே இருந்தது.

மறுநாள் தாள் வந்தது. ஆலையில் பெரிய பழுது வந்தால் வாடிக்கையாளருக்கு ஒரு தாள் அனுப்ப வேண்டும். ஏன் நடந்தது என்று கேட்டு, வருகிற பதிலுக்கு மறுபடி ஏன் என்று கேட்டு, ஐந்து ஏன் வரை போக வேண்டும். எண்ணெய் கசிந்தால்கூட ஐந்து கேட்பார்கள். மானேஜர் அச்சடித்துக்கொண்டு வந்ததில் மூன்றுதான் இருந்தது. லைன் ஏன் நின்றது? பயர்வால் விழுந்தது. ஏன் விழுந்தது? அதில் ஓட்டை இருந்தது. ஓட்டையை ஏன் அடைக்கவில்லை? பொறியாளரின் அலட்சியம். நடவடிக்கை: பொறியாளர் நீக்கம். கீழே அவள் கையெழுத்துக்கு இடம்.

அவள் போடவில்லை. தாளை எடுத்துக்கொண்டு ஸ்டோர்ஸுக்கு வந்து என் மேஜையில் வைத்தாள்.

"இதுல கையெழுத்துப் போட்டா எனக்கு இந்த சிப்காட்ல இனி எங்கயும் வேலை கெடைக்காது."

"நான் சார்கிட்ட பேசறேன்."

"அன்னிக்கு வேற எந்த இன்ஜினியராவது வந்து கேட்டிருந்தா, தொடாதன்னு சொல்லியிருப்பியாம்மா? சொல்லு. சார்னு சொல்லி வழி விட்டிருப்ப."

தாளை என் பக்கம் இழுத்தேன்.

பேனாவை எடுத்து மீதி இரண்டையும் நானே எழுதினேன். நாலாவது ஏன்: பூஜை போட்டதைத் தொடக் கூடாது என்று ஸ்டோர்ஸ் பொறுப்பாளர் பொறியாளரைத் தடுத்தார். ஐந்தாவது ஏன்: அப்டேட் போட வருடத்தில் அந்த ஒரு மதியம்தான் கிடைத்தது, மற்ற நாட்களில் மூன்று முறை கேட்டும் மானேஜர் இரண்டு மணி நேரம் தரவில்லை. அடியில் என் கையெழுத்தைப் போட்டு, மகளின் மூன்று கடிதங்களையும் பின் குத்தினேன்.

மானேஜர் நின்றபடியே படித்தார். "பூஜைன்னெல்லாம் எழுதாதீங்க மேடம். கஸ்டமர் சிரிப்பான்."

"சிரிக்கட்டும் சார். தடுத்தது நான்தானே."

"சரி, நாலு இருக்கட்டும். அஞ்ச எடுத்துடலாம். நீங்க சீனியர், உங்கள யாரும் ஒண்ணும் பண்ண மாட்டாங்க."

"ரெண்டும் இருக்கணும் சார். எடுத்துட்டா என் தாள் தனியா கஸ்டமருக்குப் போகும். அவங்க ஆடிட்டர் மாசா மாசம் என் ஸ்டோர்ஸுக்குத்தான் மொதல்ல வர்றாரு."

என் குரல் நடுங்கியது. பயத்தில் என்று அவர் நினைத்திருக்கலாம். பயமும் இருந்தது. இத்தனை வருடத்தில் இந்த ஆலையில் நான் எதிர்த்துப் பேசியது அன்றுதான். அதுவும் என் பிள்ளை என்பதால்தான் பேசினேன். வேறு வீட்டுப் பெண்ணாக இருந்திருந்தால் பேசியிருப்பேனா என்று நினைத்தால் அதற்கும் கோபம் வருகிறது.

கடைசியில் போன தாளில் யார் பெயரும் இல்லை. 'கருவிக் குறைபாடு' என்று ஒரே வரி. ஐந்து ஏனும் இல்லை. எண்ணெய்க் கசிவுக்கு ஐந்து கேட்பவர்கள் இதற்கு ஒன்றுமே கேட்கவில்லை. மகளின் பெயர் போனதும் நானும் என் தாளைத் தனியாக அனுப்பவில்லை. மகளுக்கு வேலை மிஞ்சியது. சர்வர் அறைக்கு என்று ஈரத்துணி கேட்டு வந்தாள். கொடுத்தேன். சந்தனத்தைத் துடைத்துவிட்டுத் துணியைத் திருப்பிக் கொடுக்கும்போதும் பேசவில்லை. அதே ஸ்கூட்டரில்தான் வீட்டுக்குப் போகிறோம்.

போன வாரம் அந்தப் பெட்டிக்கு இன்னொரு அறிவிப்பு வந்திருக்கிறது. வேறு ஓட்டை, அதே மாதிரி விழும். இரண்டு மணி நேரம் கேட்டு அவள் எழுதிய தாள் மானேஜர் மேஜையில் கிடக்கிறது. காலையில் வருகைப் பதிவு போட்டதும் நான் போய் அந்த மேஜை எதிரே நிற்கிறேன். "என்ன மேடம்?" என்கிறார். தாளைக் காட்டுகிறேன். இந்த மாத டார்கெட் முடியட்டும் என்கிறார். இன்றும் போய் நின்றேன்.