பிணைச்சல் போட்ட கோழிக்கூடு

எங்கள் குடும்பத்தில் எந்தக் கலியாண வீடானாலும், சாப்பாடு முடிந்து வெற்றிலைத் தட்டம் வந்ததும் யாராவது ஒருவர் என் கதையை எடுத்துவிடுவார்கள். புது மாப்பிள்ளையை வாயாலேயே விரட்டிய சின்னப் பெட்டை என்றுதான் அந்தக் கதை தொடங்கும். என் அக்கா, ராத்தாவின் பேரப்பிள்ளைகள் வரை கேட்டுச் சிரித்தாயிற்று. நான் நாலு பேர் நடுவில் வாய் திறக்கிறவள் இல்லை. தலையைக் குனிந்து பாக்கு வெட்டிக்கொண்டிருப்பேன். உள்ளே எரியும். அந்தக் கதையில் மாப்பிள்ளை வருகிறார், கோழி வருகிறது, பக்கத்து வீட்டுப் பூனைகூட வருகிறது. கோழிகள் யாருடையவை என்பது மட்டும் ஒருநாளும் வந்ததில்லை.

அவை என்னுடையவை. எனக்கு அப்போது பத்து வயது.

எங்கள் வீடு சாய்ந்தமருதில், கடல் இரைச்சல் கேட்கும் தூரத்தில் இருந்தது. எனக்குக் கோழி வளர்க்கும் ஆசை வந்ததும் சின்னம்மா முறையான சாச்சி தன் அடைக்கோழியை இரவல் தந்தார். முட்டையை நீதான் தேட வேண்டும் என்று சொல்லிவிட்டார். நான் கடைக்குப் போய் வெள்ளை முட்டைகளை வாங்கி வந்து வைத்தேன். கோழி ஒரு குறையும் வைக்காமல் மூன்று வாரம் படுத்தது. குஞ்சு வரவில்லை, நாற்றம்தான் வந்தது. பண்ணையில் இடும் பாம் முட்டை பொரிக்காது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஒருவரும் சொல்லவில்லை. சிரிப்பதற்காகக் காத்திருந்தார்கள் என்றே இன்றும் நினைக்கிறேன்.

இரண்டாம் முறை, சேவல் நிற்கும் வீடுகளாகப் பார்த்து ஏறி இறங்கினேன். சும்மா யாரும் தரவில்லை. ஒரு வீட்டில் தொட்டில் ஆட்டினேன். ஒரு வீட்டில் கிணற்றிலிருந்து தண்ணீர் அள்ளித் தொட்டியை நிரப்பினேன். மாமி வீட்டில் ஒரு பின்னேரம் முழுக்க இடியப்ப மாவை அரித்துக் கொடுத்து இரண்டு முட்டை வாங்கினேன், அதில் ஒன்று வெடிப்பு. உடைந்த சட்டியில் கடல் மணலைப் பரப்பி, முட்டைகளை அடுக்கி, இடி இடித்தால் கரு கலங்கிவிடும் என்பதால் ஓர் இரும்பு ஆணியையும் கரித்துண்டையும் பக்கத்தில் வைத்துக் கோழியை அமர்த்தினேன். இந்த முறை பொரித்தது. கறையான் பிடித்த தென்னை மட்டையைத் தேடிப்போய்ச் சிரட்டையில் தட்டி வந்து குஞ்சுகளுக்குப் போட்டேன். அரிசிக் குறுணலை வேறு யாரும் தொடாமல் ஒளித்து வைத்தேன். வானத்தில் வட்டமிட்ட பிராந்து இறங்கி இரண்டைத் தூக்கியது. மிச்சமெல்லாம் என் கண்ணுக்கு முன்னால் இறகு முளைத்து வளர்ந்தன.

கூடு கட்டிய கதையையும் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் பெண்ணைக் கட்டிக்கொடுத்து அனுப்பும் வழக்கம் இல்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து சேருவார். அதற்குப் பெண்ணின் வாப்பா ஒரு கல்வீடு கட்டிக் கொடுக்க வேண்டும். ராத்தாவுக்காக எங்கள் வீட்டு வளவின் முன்பக்கத்தில் ஒரு வீடு எழும்பிக்கொண்டிருந்தது. சுவர் வந்து, ஓடும் போட்டாயிற்று. அந்த வருடம் கதிர் முற்றும் நேரத்தில் வெள்ளம் வந்து வாப்பாவின் வயலில் ஒரு பிடி நெல்லையும் விடவில்லை. மேசன்மார் வருவது நின்றது. பூசாத சுவரும் கதவில்லாத வாசல்களுமாக வீடு அப்படியே நின்றது. அவர்கள் விட்டுப்போன பலகைகள் முற்றத்தில் கிடந்தன. எனக்கு அது நல்ல காலமாகப்பட்டது.

அந்தப் பலகைகளில் வாப்பா எனக்குக் கூடு செய்து தந்தார். மாரி வெள்ளமும் கீரியும் எட்டாதபடி நாலு காலில் உயர்த்தி, எச்சம் கீழே விழத் தரையில் இடைவெளி விட்டு, காற்றுக்காகப் பக்கவாட்டில் பழைய வலையை இரட்டையாக அடித்தார். கதவுக்கு வந்தபோது உள்ளே போய்ப் பெட்டியைக் கிண்டி, காகிதத்தில் சுற்றிய இரண்டு இரும்புப் பிணைச்சல்களை, கதவுக் கீல்களை, எடுத்து வந்தார். எண்ணெய் பூசி வைத்திருந்தார். என் உள்ளங்கையை விட அகலமானவை. கொஞ்ச நேரம் கையில் வைத்துப் பார்த்தார்.

"கிடந்து துருப்பிடிக்கிறத்துக்கு இதுக்காவது உதவட்டும், மகள்" என்றார்.

ஊரில் எல்லோருடைய கோழிக்கூட்டுக்கும் கயிறுதான். என் கூட்டின் கதவு பிணைச்சலில் சத்தமில்லாமல் திறந்து மூடியது. அதைப் பார்ப்பதற்கென்றே பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வந்தார்கள்.

பிறகு ராத்தாவின் கலியாணம் வந்தது. பேசி முடித்த நாளைத் தள்ளிப் போட முடியவில்லை. ஓர் அறைக்கு மட்டும் வெள்ளை அடித்து, வாசலில் பூப்போட்ட திரைச்சீலையைத் தொங்கவிட்டு மாப்பிள்ளை அறை என்றார்கள். ராத்தாவைக் கட்டிய மச்சான் பாலமுனைக்காரர், தோணி வைத்திருக்கும் குடும்பம். நெடுவலான ஆள், கதைப்பது மிகக் குறைவு. உம்மா அவருக்கு முன்னால் வரமாட்டார். தட்டத்தை மூடிச் சாப்பாட்டை என் கையில் கொடுத்து அனுப்புவார். திரைச்சீலையை விலக்கி வைத்துவிட்டு நான் திரும்பிவிடுவேன்.

கலியாணம் முடிந்த வாரம் என் செவலைச் சேவலைக் காலில் கயிறு போட்டுக் கூட்டோடு கட்டினார்கள். தெருவில் கொத்தித் திரிந்த கோழியைச் சில நாள் கட்டிப்போட்டு, சுத்தமான தீன் கொடுத்துத்தான் எங்கள் வீட்டில் அறுப்பது. ஆகையால் கயிறு விழுந்தால் தீர்ப்பு எழுதியாயிற்று என்று அர்த்தம். நான் கத்தினேன்.

"ஒரு சேவல்தானே, புள்ள. புது மாப்பிள்ளைக்கு மீனையா வைக்கிற?" என்றார் உம்மா.

ஒரு சேவலோடு நிற்கவில்லை. சேவல்கள் தீர்ந்து கோழிகளில் கை வைத்தார்கள். ஒவ்வொன்றுக்கும் மறுகா ஒருநாள் வாங்கித் தாறன் என்ற ஒரே பதில். யாரிடமும் நான் முட்டையைச் சும்மா வாங்கவில்லை, கறையானைச் சும்மா தட்டவில்லை. என்னிடம் மட்டும் எல்லாவற்றையும் சும்மா எடுத்தார்கள். ராத்தாவிடம் முறையிட்டால் அவர் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே ம் என்பார். வாப்பாவிடம் போனால் அவர் வேறு பக்கம் பார்ப்பார். பிஸ்மில் சொல்லி அறுத்தவரே அவர்தான்.

ஒருநாள் உம்மா குசினியில் சாச்சியிடம் சொல்வது என் காதில் விழுந்தது.

"வீட்டு வேல முடியிற மட்டும் அவர்ட வாயில கோழிக்கறி இரிக்கட்டும்கா. கறி இரிந்தா கதவக் கேக்கமாட்டார்."

எனக்கு அது விளங்கவில்லை. கறிக்கும் கதவுக்கும் என்ன? ஆனால் கோழிகள் போவதற்குக் காரணம் அதில் இருக்கிறது என்று மட்டும் பிடித்துக்கொண்டேன்.

அதற்குச் சில நாட்களுக்குப் பிறகுதான் அந்தக் கொடுமையைக் கண்டேன். பக்கத்து வீட்டுப் பூனை மச்சானின் அறை ஜன்னலுக்குக் கீழே தவம் கிடந்தது. ஒட்டிய வயிறோடு திரிந்த பூனை, இப்போது மினுமினுவென்று உருண்டு இருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஜன்னல் கம்பிக்குள்ளிருந்து ஒரு கை வெளியே வந்து ஒரு முழுக் கோழிக்காலைக் கீழே போட்டது. கடித்த அடையாளம்கூட இல்லை. தின்றிருந்தாலாவது மனம் ஆறியிருக்கும். என் கோழிகள் மாப்பிள்ளைக்கும் போகவில்லை, பூனைக்குப் போயிருக்கின்றன.

வீட்டுக்குப் பின்னால் ஓடினேன். அங்கே புள்ளியின் காலில் கயிறு கிடந்தது. மாமி வீட்டு வெடித்த முட்டையில் வந்தவள் புள்ளி. பொரிக்காது என்று எல்லோரும் சொன்ன முட்டை அது. முதல் முட்டை இடுவதற்குக் கொக்கரித்து இடம் தேடிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் பகல் தட்டத்தைக் கொண்டுபோய் வைத்தேன். இந்த முறை திரும்பவில்லை. நான் அதுவரை மச்சானிடம் ஒரு சொல் கதைத்ததில்லை. எங்கிருந்து வந்ததோ தெரியாது.

"மச்சான், கோழி வேணாமெண்டா வேணாமெண்டு சொல்லுங்க. பூனைக்குப் போடவா நான் வளத்தன்? நீங்க கதவக் கேட்டுருவீங்களெண்டு பயந்துதான் உம்மா அறுக்கிறா. இப்ப புள்ளியையும் கட்டிப் போட்டுட்டாங்க."

குசினியில் ஒரு மூடி விழுந்து உருண்டு நின்றது. மச்சானின் கை சோற்றுக்குள் அப்படியே இருந்தது. அவர் என்னைப் பார்த்தார், திரைச்சீலையைப் பார்த்தார். கையைக் கழுவினார். சட்டையைப் போட்டார். சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பின்னேர அஸர் தொழுகை முடிந்தது. அவர் வரவில்லை. மாப்பிள்ளை கோபித்துக்கொண்டு தாய்வீட்டுக்குப் போனால் திரும்பக் கூப்பிட்டு வருவது லேசான காரியம் இல்லை. சொன்ன வீடு எங்கே என்று அவர்கள் கேட்டால் வாப்பா பூசாத சுவரைத்தான் காட்ட வேண்டும். வாப்பா வாசல் படலை வரை போவார், நிற்பார், திரும்பி வருவார். உம்மா அகப்பையால் என் முதுகில் போட்டார்.

"ஒரு கோழிக்காக ராத்தாட வாழ்க்கையக் குலச்சிட்டியே. இனி இந்த வாய் தொறக்கப்படாது."

ராத்தா அழுவதற்கு அறைக்குள் போனார். சாத்துவதற்குக் கதவில்லை. திரைச்சீலைக்குப் பின்னால் அவர் வாயைப் பொத்தி அழுவது வளவு முழுக்கக் கேட்டது. நான் புள்ளியின் பக்கத்தில் குந்தியிருந்தேன். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான். ஒரு பொய்யும் சொல்லாதவளுக்கு அடி, பூனைக்குக் கறி போட்டவருக்காக ஒரு வீடே அழுகிறது.

பொழுது சாயும் நேரம், மஃரிபுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு லேண்ட் மாஸ்டர் உழவு இயந்திரம் இரைந்துகொண்டு வந்து எங்கள் படலையில் நின்றது. அதன் பின் பெட்டியில் மச்சான் இருந்தார். ஒரு கையில் பனையோலையில் கோத்த கீரிமீன். மறு கையால் சாக்குப் போட்டு மூடிய ஒரு கதவைச் சாயாமல் பிடித்திருந்தார். பச்சை நிறம் அடித்த பழைய கதவு. வாப்பாவிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"மாமா, எங்கட பின் அறையில கிடந்தது. ஆரும் கேட்டா நீங்க வாங்கினதெண்டு சொல்லுங்க."

வாப்பா கதவின் மறுமுனையைப் பிடித்து இறக்கினார். மச்சான் என் பக்கம் திரும்பி மீனை நீட்டினார்.

"உம்மாக்கிட்ட குடு. கோழி எனக்குச் சின்னதுல இருந்தே ஒத்துக்கொள்ளாது. உடம்பெல்லாம் தடிக்கும். மாமி ஆசையா ஆக்கி அனுப்பக்குள்ள எப்படித் திருப்பி அனுப்புற?"

இதை முதல் நாளே சொல்லியிருந்தால் என் செவலை கூவிக்கொண்டிருந்திருக்கும். மரியாதை பார்த்தாராம். அவருடைய மரியாதைக்கு என் கோழிகள். உம்மா கதவு நிலையின் பின்னால் நின்று கேட்டுவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பின்னால் போனார். புள்ளியின் கயிற்றை அவரே அவிழ்த்துவிட்டார்.

நான் அதோடு முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் மச்சான் கொண்டுவந்த கதவில் பிணைச்சல் இல்லை. துருப்பிடித்து உடைந்ததால் அங்கேயே கழற்றிப் போட்டுவிட்டு வந்திருக்கிறார். கடைகள் பூட்டும் நேரம். வாப்பா திருப்புளியை எடுத்துக்கொண்டு நேராக என் கூட்டுக்கு வந்தார்.

"அது என்ட கூட்டுப் பிணைச்சல், வாப்பா" என்று குறுக்கே நின்றேன்.

அவர் என்னை மெதுவாக நகர்த்திவிட்டு ஒவ்வோர் ஆணியாகக் கழற்றினார். கோழி எச்சம் பட்டிருந்த இடத்தைச் உடுத்திருந்த சாரத்தின் நுனியில் துடைத்தார். ராத்தாவின் அறை வாசலில் அவை அளவெடுத்ததுபோல் பொருந்தின. கதவு சத்தமில்லாமல் திறந்தது, சத்தமில்லாமல் மூடியது. வாப்பா அதை இரண்டு மூன்று முறை திறந்து மூடிப் பார்த்தார். என் கூட்டுக்கு ஒரு துண்டுக் கயிறு கிடைத்தது. கோழிகளை அறுத்தபோது அழுததைவிட அப்போதுதான் அதிகம் அழுதேன்.

வாப்பாவும் மச்சானும் மௌத்தாகி மண்ணுக்குப் போய்விட்டார்கள். கலியாண வீடுகளில் அந்தக் கதையைச் சொல்கிறவர்கள் இன்றைக்கும், மாப்பிள்ளை திரும்பி வந்தபோது வாப்பா புதுக் கதவு வாங்கிப் போட்டுத் தயாராக வைத்திருந்தார் என்றுதான் முடிக்கிறார்கள். நான் பாக்கைத்தான் வெட்டிக்கொண்டிருக்கிறேன். அது ஒன்றை மட்டும் திருத்த எனக்கு மனம் வரவில்லை.

கோழிக்கூட்டுக்கென்று அவ்வளவு பெரிய பிணைச்சலை யாரும் வாங்குவதில்லை. ஒரு நல்ல விளைச்சல் வருடத்தில், சுவர் எழும்புவதற்கும் முன்னால், ராத்தாவின் அறைக் கதவுக்கென்று வாங்கி எண்ணெய் பூசி வைத்தவை அவை. அவற்றை என் கூட்டில் பூட்டிய அன்று வாப்பா எதைக் கைவிட்டுக்கொண்டிருந்தார் என்பது எனக்கு அப்போது தெரியாது. அவர் என் பொருளைப் பிடுங்கி மாப்பிள்ளைக்குக் கொடுத்துவிட்டார் என்று நினைத்து, அன்றிலிருந்து பெருநாள் வரும் வரைக்கும் நான் அவரோடு கதைக்கவில்லை.