மகள் என் கையில் கொடுத்த கயிறு

போன ஐப்பசியில், தூத்துக்குடியில் நான் வேலை பார்க்கும் இறால் உரிக்கிற கொட்டகையில் நடந்தது இது.

சென்னையில் வேலை பார்க்கும் என் மகள், ஞாயிறுதோறும் சிநேகிதர்களோடு மேசையைச் சுற்றி உட்கார்ந்து கதை விளையாடுவாள். ஒரு பையன் கதை சொல்வான். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு வேஷம். "இப்போ என்ன செய்வே?" என்று அவன் கேட்பான். இவர்கள் சொன்னது பலிக்குமா என்று பகடை உருட்டிப் பார்ப்பார்கள். அதைப் பதிவு செய்து பாட்காஸ்ட் என்று போனில் போடுகிறார்கள்.

எழுத்துக் கூட்டிப் படிக்கிற எனக்குக் காதால் கேட்பது சுலபம். சாப்பாட்டு நேரத்தில் போனைக் கூடை மேல் வைத்தால் கொட்டகையே கேட்கும். கதை நடப்பது வருங்காலத்துத் துறைமுகத்தில், இரும்புக் கை வைத்த மனிதர்கள் நடுவே. ஆனால் வீட்டுக்குள் குண்டு டிவியும் கேசட்டும்! "ஏளா, வருங்காலத்துலயும் நாடா சிக்கிக்கிடுமா?" என்று பக்கத்துக்காரி சிரிப்பாள்.

மகளுக்கு முத்துக் குளிக்கிற பெண் வேஷம். அன்று கடலில் மூழ்கிப்போன ஒரு கட்டடத்துக்குள் அவள் இறங்க வேண்டும். பகடை சரியாக விழாவிட்டால் செத்தாள். வெகுநாளாக அவள் வளர்த்த வேஷம் அதோடு முடிந்துவிடும்.

"உன் கயிற்றை யார் பிடிக்கிறா?" என்று கேட்டான் அந்தப் பையன்.

"மச்சான்!" என்றோம் கொட்டகையில் நாங்கள். குளிக்க இறங்குகிறவரின் கயிற்றைப் படகில் நின்று பிடிப்பது அவர் மனைவியின் அண்ணனோ தம்பியோதான்; எங்கள் கரை வழக்கம் அது. என் வீட்டுக்காரர் சங்கு குளித்த காலத்தில் கயிறு பிடித்தது என் தம்பி. அக்கா தாலியை நினைத்துக் கையைத் தளர்த்த மாட்டான்.

"கல்யாணமே ஆகல, மச்சானுக்கு எங்கன போவா?" என்றாள் எங்களில் ஒருத்தி.

அதற்குள் மகள் குரல் வந்தது. "எங்கம்மா பிடிப்பாங்க."

"அம்மாவா? படகுல போயிருக்காங்களா?"

"இல்ல. அப்பா போன பிறகு என்னைய விடாமப் பிடிச்சது அவங்கதான். பகடையைக் குடு."

பகடை உருண்டது. வாயில் சோறு வைத்தவள் மெல்லவில்லை. நான் முந்தானையை முறுக்கிப் பிடித்திருந்தேன்.

"மேலே வந்துட்டா!" என்றான் அவன்.

நாங்கள் போட்ட கூச்சலில் மேஸ்திரி ஓடி வந்தார். "என்ன சத்தம்?"

"இவ மகளைத் தூக்கியாச்சு, அண்ணாச்சி!"

"எங்கன இருந்து?"

"கடலுக்குள்ள இருந்து!"

அவர் என்னையும் நனையாத என் சேலையையும் மாறி மாறிப் பார்த்தார்.

பெண்களைப் படகில் ஏற்றாத கரையில் பிறந்தவள் நான். ஆனாலும் கயிறு பிடித்தவர்களைப் பற்றி யார் பேசினாலும், என் தம்பிக்குப் பக்கத்தில் என்னையும் ஒருத்தியாக இன்று எண்ணிக்கொள்கிறேன்.